சட்டசபையில் காயிதே மில்லத்

சட்டசபை அங்கத்தினர் என்றவுடன் நம் வணிக அன்பர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிபாரிசுக் கடிதமாகும். கடை லைசென்ஸ் புதுப்பிப்பதில் தாமதம், கடைக்குப் பின்புறக் கால்வாயில் அடைப்பு, மையவாடிக்கு நிலம், மதரஸாவுக்கு நன்கொடை. இவற்றுக்காகவே அவரைத் தேடிச் செல்கிறோம். காரியம் முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அவர் சபையில் என்ன பேசினார், எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார் என்று விசாரிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஜொகூரில் வாழும் நாம் இப்படி இருப்பது பொருத்தமன்று. மலாய் ராஜ்யங்களில் முதன்முதலாக எழுத்து மூலமான அரசியல் சட்டம் பெற்றது இந்த ஜொகூர்தான். சுல்தான் அபூபக்கர் அவர்கள் 1895-ஆம் ஆண்டில் அதனை அளித்தார்கள். அதே ஆண்டில் லண்டனில் அவர்கள் காலமானார்கள். 1954-ல் இங்கு வாக்குச்சீட்டு மூலம் தேர்தல் வந்தது. இன்று ஜொகூர் சட்டசபையில் 56 இடங்கள் உள்ளன. மலேசிய அரசியல் சட்டப்படி நிலம், ஊராட்சி, இஸ்லாமிய மார்க்க விவகாரம் ஆகிய மூன்றும் மாநிலத்தைச் சேர்ந்தவை. கடைக்கு லைசென்ஸ் தரும் நகராண்மைக் கழகம் மாநில அதிகாரத்தின் கீழ் இருக்கிறது. நம் பிள்ளைகளின் நிக்காஹ், தலாக், ஜீவனாம்சம் முதலியவற்றை நிர்ணயிக்கும் இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் 2003-ல் இதே ஜொகூர் சட்டசபையில் நிறைவேறியதுதான். கோலாலம்பூரில் நடப்பதைப் பற்றி மேசையைத் தட்டி விவாதிக்கும் நாம், நம் வியாபாரத்தையும் குடும்பத்தையும் அன்றாடம் தொடும் சபையைக் கவனிப்பதே இல்லை.

ஆகவே, ஒரு சட்டசபை அங்கத்தினர் தம் பதவியை எப்படி வகித்தார் என்பதை ஒரு முன்மாதிரியின் மூலம் பார்ப்போம். தமிழ் முஸ்லிம்களுக்கு இதில் தூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, தோல் வியாபாரம் செய்து, சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்களின் வாழ்க்கையே போதும். கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம் பக்கத்திலிருந்து வந்த அன்பர்களுக்கு அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்.

அவர்கள் 1896-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி பிறந்தார்கள். தகப்பனார் மௌலவி மியாகான் ராவுத்தர். திருநெல்வேலியிலும் பின்பு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்வி பயின்றார்கள். பேட்டையில் 1909-ல் இளம் முஸ்லிம் சங்கம் தொடங்கிய காலத்தில் அவர்களுக்கு வயது 13. (நம் சங்கக் கூட்டங்களில் வாலிபர்களுக்குப் பின்வரிசை நாற்காலி போடுகிறவர்கள் இதனை ஒரு முறைக்கு இருமுறை படிக்கலாம்.) 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது படிப்பை விட்டு வெளியே வந்தார்கள். பின்னர் இறங்கியது தோல் வணிகத்தில்.

அந்தத் தொழிலைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் வட்டாரங்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போகும். தொழிலில் பெரும் பங்கு முஸ்லிம்கள் கையில் இருந்தது. ஆனால் விலை அவர்கள் கையில் இல்லை. 1919-ல் இந்திய சர்க்கார், பதனிடாத தோல் ஏற்றுமதிக்கு 100-க்கு 15 வீதம் தீர்வை விதித்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் பதனிடப் போகும் தோலானால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 1923-ல் அத்தீர்வை 5 வீதமாக இறங்கியது. இரண்டு முறையும் முடிவு எடுத்தது தோல் மண்டி அன்று, சட்டசபை. ஒரு வரி அச்சில் ஏறினால் ஒரு கப்பல் சரக்கின் லாபம் நஷ்டமாகும் என்பதைத் தோல் வியாபாரிகள் அன்றே அனுபவத்தில் கண்டவர்கள். வணிகர் அரசியலுக்குப் போகலாமா என்று நம்மவர் கேட்பதுண்டு. அவர் போகாவிட்டாலும் அரசியல் அவர் கடைக்குள் வந்து கல்லாவைத் திறந்து பார்க்கத்தான் செய்கிறது.

1945-ல் இஸ்மாயீல் சாகிப் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார்கள். 1946 தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் லீக் 28 இடங்களைப் பெற்றுக் காங்கிரஸுக்கு அடுத்த கட்சியாயிற்று. இஸ்மாயீல் சாகிப் எதிர்க்கட்சித் தலைவர். 1952 வரை அந்த ஆசனம் அவர்களுடையதாக இருந்தது. அந்த ஆறாண்டில் எதிரே இருந்த ஆசனத்தில் பிரகாசம் வந்தார், 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார், 1949-ல் குமாரசாமி ராஜா வந்தார். ஆளும் கட்சி இரண்டு முறை தலைவரை மாற்றியது. எதிர்க்கட்சி ஒரு முறையும் மாற்றவில்லை.

அந்தச் சபை இலேசான காலத்துச் சபையன்று. கோயில் நுழைவு, ஜமீன் ஒழிப்பு, மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு ஆகிய யாவும் அந்த ஆண்டுகளில் வந்தவை. இவற்றுக்கு நடுவே நாடு இரண்டாகப் பிரிந்தது. இங்கேதான் இஸ்மாயீல் சாகிபின் நிலை எவ்வளவு சங்கடமானது என்பதை நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாகிஸ்தான் கோரிய கட்சியின் சென்னைத் தலைவர் அவர்கள். கோரிக்கை கிடைத்தது, ஆனால் அவர்களும் அவர்களுக்கு வாக்களித்த இலட்சக்கணக்கானவர்களும் இருந்த இடம் இந்தியா. 1947 ஆகஸ்டு 15-க்குப் பிறகு அந்த 28 பேரைப் பார்த்து, நீங்கள் யாருடைய எதிர்க்கட்சி என்று கேட்காதவர் இல்லை. பல மாகாணங்களில் லீகர்கள் கட்சியைக் கலைத்துவிட்டுக் காங்கிரஸில் சேர்ந்தார்கள். அது அச்சத்தால் மட்டும் நடந்ததன்று. இனித் தனிக் கட்சி வேண்டாம் என்று மனப்பூர்வமாக எண்ணியவர்களும் இருந்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்று எழுதுவது நியாயமாகாது.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கானும், இந்தியப் பகுதிக்கு இஸ்மாயீல் சாகிபும் அமைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். 1948 மார்ச் 10-ஆம் தேதி, இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் சென்னை மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கலைக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி. வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயீல் சாகிப் தலைவரானார்கள். இந்திய அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு, சபைகளின் வழியாகவே உரிமை கேட்பது என்ற பாதையில் அவர்கள் கட்சியை நடத்தினார்கள்.

அந்தச் சட்டம் அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அரசியல் நிர்ணய சபைக்குப் பொதுமக்கள் நேராக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டசபை அங்கத்தினர்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தனுப்பினார்கள். சுமார் 10 இலட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் சென்னைக்கு 49 இடங்கள். அவற்றுள் 4 முஸ்லிம்களுக்கு. மாகாணச் சபைக்கு நாம் அனுப்பும் ஒருவர் எவ்வளவு தூரம் போக நேரிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சென்னையிலிருந்து இஸ்மாயீல் சாகிப், போக்கர் சாகிப், மஹ்பூப் அலி பேக் சாகிப், அகமது இப்ராகீம் சாகிப் ஆகியோர் டில்லியில் பேசிய பேச்சுக்கள் அச்சில் இருக்கின்றன. அவற்றைப் படித்தால், வசைமொழி ஒன்றும் அகப்படாது.

முதல் விஷயம் ஷரீஅத். 1948 நவம்பர் 23 அன்று, எல்லாருக்கும் ஒரே சிவில் சட்டம் இயற்ற ராஜ்யம் முயல வேண்டும் என்ற ஷரத்து விவாதத்துக்கு வந்தது. இன்று இது இந்திய அரசியல் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. தனக்கெனத் தனிநபர் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதனைக் கைவிடும்படி நிர்ப்பந்திக்கப்படலாகாது என்று இஸ்மாயீல் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார்கள். அவர்கள் வாதத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முஸ்லிம்களுக்கு மட்டும் சலுகை என்று கேட்கவில்லை; எந்தச் சமூகத்துக்கும் என்று கேட்டார்கள். மதத்தைப் பின்பற்றும் மக்களுக்கு அந்தச் சட்டம் வாழ்க்கை முறையின் ஓர் அங்கம். அதில் கை வைக்காமல் இருப்பதுதான் ஒற்றுமைக்கு வழி என்பது அவர்கள் வாதம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினர். டாக்டர் அம்பேத்கார் திருத்தங்களை ஏற்கவில்லை. ஆனால் அத்தகைய சட்டம் எதிர்காலத்தில் வந்தாலும், முதலில் தாமாக விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் பொருந்துமாறு பார்லிமெண்ட் செய்யலாம் என்று கூறினார். திருத்தம் தோற்றது. விவாதம் தோற்கவில்லை என்பது நம் கருத்து. 2024-ல் உத்தரகாண்ட் மாநிலம் பொதுச் சிவில் சட்டம் இயற்றியபோதும், 1948-ல் அந்த ஒரு நாள் பேசப்பட்ட வாதங்களையே இரு தரப்பாரும் எடுத்துப் பேசினார்கள்.

இரண்டாவது விஷயம் தனித்தொகுதி. 1949 மே மாதத்தில் சிறுபான்மையோருக்கு இட ஒதுக்கீட்டை எடுத்துவிடுவது என்று சபை முடிவு செய்தபோது, ஒதுக்கீடும் வேண்டும், முஸ்லிம்களே தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியும் வேண்டும் என்று இஸ்மாயீல் சாகிப் கேட்டார்கள். பேகம் ஐஸாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் அங்கத்தினர்களே அதை ஏற்கவில்லை. சர்தார் பட்டேல் மறுத்துப் பேசினார். கோரிக்கை தள்ளப்பட்டது. கூட்டுத் தொகுதியில் பெரும்பான்மைக்கு இனிக்கப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார், உள்ளதைச் சொல்கிறவர் ஜெயிக்கமாட்டார் என்பது இஸ்மாயீல் சாகிபின் பயம். நாட்டுப் பிரிவினைக்கு இரண்டாண்டுகூட ஆகாத நிலையில் அந்தக் கோரிக்கை நிறைவேறும் என்று அவர்களே எண்ணியிருக்க முடியாது என்று நாம் கருதுகிறோம். ஆயினும் தம்மை அனுப்பியவர்களின் கருத்தை, கைதட்டல் கிடைக்காது என்று தெரிந்தே, பதிவு செய்தார்கள். 1952 தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் லீக் பெற்றது 5. வேறு கட்சிகளின் மூலமும் முஸ்லிம்கள் வந்தார்கள் என்றாலும், 28 என்பது 5 ஆனதைப் பார்த்தால் அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்வதற்கில்லை.

இதைப் படிக்கும்போது நமக்கு நம் நிலை நினைவுக்கு வராமல் போகாது. மலேசியாவில் எல்லாரும் ஒரே வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறோம். ஜொகூரின் 56 தொகுதிகளில் எதிலும் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பான்மை இல்லை. நம் கோரிக்கையை மலாய் அங்கத்தினரிடமோ சீன அங்கத்தினரிடமோ இந்திய அங்கத்தினரிடமோதான் கொண்டு போக வேண்டியிருக்கிறது. அவர் செவிசாய்க்கும்படி எப்படிப் பேசுவது என்பதுதான் நம் பிரச்சினை. எந்தச் சமூகத்துக்கும் என்று அந்தத் திருத்தத்தில் போட்ட சொல்லை அந்த நோக்கத்தோடு திரும்பப் பார்க்கலாம். எங்களுக்கு மட்டும் என்று எழுதிய மனுவுக்கும், இந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் என்று எழுதிய மனுவுக்கும் கிடைக்கும் பதிலில் வித்தியாசம் இருப்பதைச் சங்கக் காரியதரிசிகளாக இருந்தவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது விஷயம் மொழி. இதைப் பற்றி மேடைகளில் ஒரு செய்தி அடிக்கடி சொல்லப்படுகிறது: தமிழை இந்தியாவின் தேசிய மொழியாக்க வேண்டும் என்று காயிதே மில்லத் கோரினார் என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நடந்தது சற்று வேறு. 1949 செப்டம்பரில் மொழி விவாதம் நடந்தபோது, காந்தியடிகள் சொல்லிவந்தபடி, நாகரி, உருது ஆகிய இரு லிபிகளிலும் எழுதும் ஹிந்துஸ்தானியை ஏற்பதே நல்லது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. பழமையைக் காரணமாகக் காட்டி ஒரு மொழியை உயர்த்துவதானால், இந்த மண்ணின் மிகப் பழைய மொழி தமிழே, அதுவே என் தாய்மொழி, அதைக் குறித்துப் பெருமைப்படுகிறேன் என்ற பொருள்பட அப்போது பேசினார்கள். முழு உண்மையை வைத்துப் பார்த்தால் அவர்கள் மதிப்பு குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. உருது லிபிக்காக வாதாடிய அதே வாயால், டில்லிச் சபையின் நடுவில் தமிழின் மூப்பை எடுத்துரைத்தார்கள். முஸ்லிம் என்றால் உருதுக்காரர் என்று எண்ணியிருந்த வடநாட்டு அங்கத்தினர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்கும். இன்றும் நம்மைப் பார்த்து, நீங்கள் தமிழரா முஸ்லிமா என்று கேட்கிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்களே.

சபையில் தோற்றதைச் சபைக்கு வெளியே ஈடுகட்ட முயன்றதும் அந்தத் தலைமுறையின் சிறப்பு. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பங்கிடும் உத்தரவு இருந்தது. 14 இடங்களில் முஸ்லிம்களுக்கு 1. அந்த உத்தரவு செல்லாது என்று 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே 1951-ஆம் ஆண்டில் சென்னையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் நியூ காலேஜைத் திறந்தது. திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி தொடங்கியது. இவற்றுக்குப் பணம் தந்தவர்களில் மிகப் பலர் வியாபாரிகள். தோல் வணிகர்களின் கை அதில் பெரிது. இஸ்மாயீல் சாகிபும் கல்விச் சங்கத்தின் முயற்சியில் முன்னின்றவர்கள். நம் பாட்டனார் காலத்து ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் அந்தக் கல்லூரிகளின் படியேறித்தான் பட்டம் பெற்றார்கள்.

1952 முதல் 1958 வரை அவர்கள் டில்லி ராஜ்யசபையில் அங்கம் வகித்தார்கள். 1962-ல் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவர்களை லோக்சபைக்கு அனுப்பியது. 1967-லும் 1971-லும் அதே தொகுதி மீண்டும் அனுப்பியது. தமிழகத்தின் தென்கோடிப் பேட்டையில் பிறந்த ராவுத்தர் ஒருவரை மலையாள மக்கள் மும்முறை தம் பிரதிநிதியாக்கினார்கள். அதுவும் எந்தக் கூட்டுத் தொகுதி வேண்டாம் என்று 1949-ல் வாதாடினார்களோ, அந்த முறைப்படிதான். இதனை முரண்பாடு என்று சிலர் எள்ளியதுண்டு. விதி மாறியபின் மாறிய விதிப்படி ஆடி வெல்வதில் முரண்பாடு என்ன இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. கடன் வியாபாரம் நின்று ரொக்க வியாபாரம் வந்தால் கடையை மூடிவிடுகிறோமா?

கூட்டணி சேரும் கலையையும் அவர்கள் காலத்தில் லீக் கற்றுக்கொண்டது. 1967-ல் தமிழகத்தில் அறிஞர் அண்ணாவின் தி.மு.க. அணியில் நின்றது, அந்தத் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. அதே ஆண்டில் கேரளத்தில் நம்பூதிரிபாட்டின் மந்திரிசபையில் லீகுக்கு இரண்டு மந்திரிகள். கல்வி இலாகா சி.எச். முஹம்மது கோயாவுக்குக் கிடைத்தது. 1969-ல் மலப்புறம் மாவட்டம் அமைந்தது. ஒரு பக்கம் கடவுள் மறுப்புப் பேசுகிறவர்களும் மறு பக்கம் கம்யூனிஸ்டுகளும். இவர்களோடு தீன்தாரிகள் சேரலாமா என்று அன்று ஆலிம்களிடையேயும் கேள்வி எழுந்தது. அதை அலட்சியமான கேள்வி என்று நாம் தள்ளிவிடவில்லை. பங்கு வியாபாரத்தில் கணக்குப் புத்தகம் பொதுவாக இருக்கும், வீட்டுத் தொழுகை விரிப்பு அவரவருடையது. அந்த எல்லையை இஸ்மாயீல் சாகிப் அறிந்திருந்தார்கள்.

அவர்கள் பெயரால் சென்னையில் அரசினர் மகளிர் கல்லூரி 1974-ல் ஏற்பட்டது. 1991-ல் தஞ்சையிலிருந்து பிரித்த நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயரிட்டார்கள். 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்களை எல்லாம் நீக்கியபோது அதுவும் போயிற்று. பிறந்த நூற்றாண்டான 1996-ல் இந்திய அஞ்சல் துறை அவர்கள் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

1972 ஏப்ரல் 5-ஆம் தேதி, லோக்சபை அங்கத்தினராக இருக்கும்போதே, சென்னையில் அவர்கள் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அல்லாஹ் அன்னாரின் கப்ரை விசாலமாக்கி ஒளிபெறச் செய்வானாக! காலியான மஞ்சேரித் தொகுதிக்கு 1973-ல் இடைத்தேர்தல் நடந்தது. கேரளத்தில் மந்திரிப் பதவியை விட்டுவிட்டு வந்த சி.எச். முஹம்மது கோயா அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.